வெளிச்சம் போதுமானதாக இருந்ததா?

நாகூர் கனி சராசரியாக ஒரு நாளைக்கு நான்கு கொலை செய்வார். வெள்ளிக்கிழமை மட்டும் இரண்டு. ஜும்மாவுக்குப் போய்வர வேண்டுமல்லவா.

கொல்லப்படுவதெல்லாம் மின்சாரத்தைத் திரையில் அலையாகக் காட்டும் பழைய ஆசிலோஸ்கோப்புகள், முள் ஆடும் வோல்ட்மீட்டர்கள், வால்வு வைத்த சிக்னல் ஜெனரேட்டர்கள். கூட்டைத் துடைத்துப் பளபளவென்று ஆக்குவார். ஸ்கோப்பாக இருந்தால், பிக்சர் டியூபின் பின்முனையில் துருத்திக்கொண்டிருக்கும் கண்ணாடி மொட்டைக் குறடால் மெல்லக் கிள்ளுவார். எண்பது வருடமாக உள்ளே போக வழியில்லாமல் காத்திருந்த காற்று 'ஸ்ஸ்' என்று உள்ளே போகும். அவ்வளவுதான், ஆள் காலி. மேலே அளவொருமை வாரியத்தின் பச்சை வில்லையை ஒட்டுவார்: 'உயிரற்றது. அலங்காரத்துக்கு மட்டும்.' டியூப் இருந்த இடத்தில் ஒரு சின்னத் திரையைப் பொருத்தி, பச்சை அலை நெளிகிற மாதிரி ஒரு படத்தை ஓடவிட்டால் சரக்கு தயார். நுங்கம்பாக்கம் காபிக் கடைகளும் அண்ணா நகர் பல் டாக்டர்களும் அது இல்லாமல் கடை திறப்பதில்லை.

"பாய், அலை கொஞ்சம் ரோஸ் கலர்ல வருமா? எங்க சோபா ரோஸ்."

"வரும்மா. சொன்னா பூப்போட்ட அலைகூட வரும்."

ரிச்சி தெருவின் பின்சந்தில், கொல்வதற்கு உரிமம் வாங்கிய ஒரே கடை அவருடையது. பரம்பரை வியாபாரி. அவருடைய அத்தா இதே கருவிகளை உயிரோடு விற்றவர். மகன் பிணமாக விற்று அத்தாவைவிட நன்றாக இருந்தார். அதில் அவருக்கு வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை. வாடிக்கையாளர் கேட்பதைக் கொடுப்பது வியாபாரம், அவ்வளவே.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, முழங்கை வரை கிரீஸ் அப்பிய காக்கிச் சட்டையோடு ஒரு பெண் கடைக்குள் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். சரக்கு எதையும் பார்க்கவில்லை. நேராகக் கனியின் முகத்தைப் பார்த்தாள்.

"பாய், உயிரோட ஒண்ணு வேணும்."

கனி குறடைக் கீழே வைத்துவிட்டுச் சந்தின் இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"இன்னாம்மா, கோழிக் கடைன்னு நெனச்சு வந்துட்டியா?"

"ஸ்கோப். வேலை செய்யற ஸ்கோப். ரெண்டு நாளைக்கு மட்டும்."

"அதுக்குப் பேரு ஸ்கோப் இல்ல, ஜாமீன் இல்லாத கேஸு. வாரியத்தோட இணைக்காத கருவி எதுவும் உயிரோட இருக்கக் கூடாது. போம்மா, போய்ப் புள்ளகுட்டியப் பாரு."

அவள் போகவில்லை. தோள்பையிலிருந்து ஒரு கனமான பொருளை எடுத்து மேஜைமேல் 'டொம்' என்று வைத்தாள். வளைந்த இரும்பு, உட்பக்கம் ஒட்டியிருந்த லைனிங் கருகி, பிளேடு கனத்துக்குத் தேய்ந்திருந்தது. தீய்ந்த வாசனை கடை முழுவதும் பரவியது.

"லிஃப்ட் பிரேக்கு. நான் தெய்வானை, லிஃப்ட் மெக்கானிக். பெரம்பூர் முல்லை என்க்ளேவ்ல போன மாசம் லிஃப்ட் நழுவி, இஸ்திரிக்காரர் ஏகாம்பரத்துக்குக் கால் போச்சே, கேள்விப்பட்டியா? அது என் லிஃப்ட்டு. இந்த லைனிங்க மூணு மாசம் முன்னாடி நான்தான் புதுசாப் போட்டேன். மூணு வருஷம் தாங்க வேண்டியது. கம்பெனிக்காரன் சொல்றான், நான் ஒரிஜினலை வித்துட்டு டூப்ளிகேட் போட்டேனாம். வியாழக்கிழமை விசாரணை. வாரியத்துக்காரன் கையெழுத்துப் போட்டுட்டான்னா லைசென்ஸும் போச்சு, நானும் புழல் ஜெயிலுக்குப் போவேன்."

"எந்தக் கம்பெனி?"

"சொர்க்கரதம் லிஃப்ட்ஸ்."

கனி சிரித்துவிட்டார். வடக்கேயிருந்து வந்த முதலாளி யாரோ ஆசையாய் வைத்த பெயர். இந்த ஊரில் அந்தப் பெயரில் எந்த வண்டி, எந்த இடத்துக்குப் போகும் என்று அவரிடம் சொல்ல யாருக்கும் துணிவில்லை. இருந்தாலும் இதுவரை அதைவிடப் பொருத்தமான பெயரைக் கனி கேட்டதில்லை.

"சரி, லைனிங் ஏன் தேஞ்சிது?"

"பிரேக் சப்ளைல எப்பவும் இருநூறு வோல்ட் நிக்கணும், வண்டி கெளம்பறப்ப அது பிரேக்குக்குப் போகணும். போனாத்தான் பிரேக் கட்டை முழுசா விரியும். மூணு மாசம் முன்னாடி கம்பெனிலேர்ந்து ஒரு அப்டேட் வந்துது, கரண்டு மிச்சம் பண்றதுக்குன்னு. அதுலேர்ந்து வண்டி ஓட ஆரம்பிச்ச ரெண்டாவது செகண்ட்ல வோல்ட் கீழ விழுதுன்னு நெனைக்கிறேன். கட்டை பாதி மூடிக்குது. தேய்ச்சுக்கிட்டே ஓடுது. நான் காதால கேட்டேன், மூக்கால மோந்தேன்."

"மீட்டர் வெச்சுப் பாத்தியா?"

"பாத்தேன். இருநூறுன்னு காட்டுது. நிக்கும்போதும் இருநூறு, ஓடும்போதும் இருநூறு. வேற மீட்டர் வெச்சேன். அதுவும் இருநூறு. பக்கத்துத் தெரு மெக்கானிக்குது வாங்கி வெச்சேன்..."

"இருநூறு."

"ஆமா. ஊர்ல இருக்கற அத்தனை மீட்டரும் ஒரே வாயா பேசுது."

கனிக்கு அது தெரியாததல்ல. ஒரே அளவுச் சட்டம் வந்து இருபத்திரண்டு வருடமாகிறது. அதற்குமுன் ஒருத்தன் மீட்டர் இருநூற்றுப் பத்து என்றால் இன்னொருத்தன் மீட்டர் நூற்றுத் தொண்ணூறு என்னும். கோர்ட்டெல்லாம் மீட்டர் சண்டை. பதினொரு பேர் கொண்ட குழு நான்கு வருடம் ஆராய்ந்து, கோளாறு மின்சாரத்தில் இல்லை, கருத்து வேறுபாட்டில்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு மீட்டரும் எண்ணைக் காட்டுவதற்குமுன் வாரியத்தின் பதிவேட்டைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

"இந்தக் காலத்து மீட்டர் அளக்கறதில்லம்மா," என்றார் கனி. "முதலாளி மூஞ்சியப் பாத்து விலை சொல்ற கணக்கப்பிள்ள மாதிரி. கம்பி நுனியில எண்பது இருந்தாலும், 'ஐயா, இங்க எவ்ளோ இருக்கணும்?'னு மேல கேக்கும். மேல, லிஃப்ட் கம்பெனி எழுதிக் குடுத்தத வெச்சு, 'இருநூறு'ம்பான். உடனே இது, 'ஓ, தப்பு நம்ம மேல'ன்னு தன்னைத் திருத்திக்கும். அவ்ளோ மரியாதை."

"அதனாலதான் யாரையும் கேக்காத கருவி வேணும்னு வந்தேன்."

"வந்தது சரி. குடுக்கறது தப்பு."

தெய்வானை அலமாரிகளை முதல்முறையாகப் பார்த்தாள். ரோஸ் அலை ஒன்று நெளிந்துகொண்டிருந்தது. உதட்டைப் பிதுக்கினாள்.

"அதில்ல பாய். உனக்கு ரிப்பேர் தெரியும்னு எவனோ சொன்னான். இங்க வந்து பாத்தா எல்லாம் பொணத்துக்குப் பவுடர் பூசற வேலையா இருக்கு. சரி விடு, தெரியாதத கேக்கறது என் தப்பு."

கனி நாற்பத்தாறு வருடமாகப் பேரம் நடக்கும் இடத்திலேயே வளர்ந்தவர். சரக்கைக் குறை சொல்லிவிட்டு வாசல் பக்கம் இரண்டடி வைக்கிற உத்தி எத்தனை பழசென்று அவருக்குத் தெரியும். அவரே ஆயிரம் முறை வைத்திருக்கிறார். தெரிந்தும் விழுந்தார். அவள் மூன்றாவது அடி வைப்பதற்குள்,

"நில்லு. யாருக்குத் தெரியாது?" என்றார்.

* * *

சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. அதைக் கண்டுபிடிக்க வியாபாரிக்கு வக்கீல் தேவைப்படவில்லை. கொல்லப்படும் கருவி கொல்வதற்குமுன் உயிரோடுதான் இருந்தது என்று உரிமக்காரர் சான்று தர வேண்டும். ஏற்கெனவே செத்ததைக் கொன்றதாகக் கணக்குக் காட்டுவது மோசடி. அதற்காக ஏழு நாள் உயிரோடு வைத்திருக்கலாம். கனி அந்தப் படிவத்தை நிரப்பி, பரணிலிருந்து ஒரு ஸ்கோப்பை இறக்கினார். 1974-இல் செய்தது, பதினேழு கிலோ. பிறகுதான் சங்கடம் ஆரம்பித்தது. அது உண்மையிலேயே செத்திருந்தது.

மறுநாள் காலை கடையைப் பாதி ஷட்டர் இறக்கிவிட்டு உட்கார்ந்தார்கள்.

"நேரா பிளக்குல சொருவிப் பாக்கலாமே," என்றாள் தெய்வானை.

"சொருவலாம். அப்பறம் ரெண்டு பேரும் மூக்கப் பொத்திக்கினு வெளிய ஓடலாம்."

அவர் மேஜையடியிலிருந்து ஒரு மரப்பலகையை எடுத்தார். அதன்மேல் ஒரு ஹோல்டர், ஹோல்டரில் நூறு வாட் குண்டு பல்ப், இரண்டு ஒயர். அத்தாவிடமிருந்து அவருக்கு உருப்படியாக வந்த ஒரே சொத்து. எந்தப் பழைய கருவியையும் இந்த சீரீஸ் பல்ப் வழியாக அல்லாமல் கரண்டில் கொடுப்பதில்லை என்பது கனியின் கையோடு வந்த பழக்கம். கருவிக்குப் போகிற மின்சாரம் முதலில் பல்பைத் தாண்டித்தான் போக வேண்டும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும், கருவி பிழைக்கும். ஷார்ட் இல்லையென்றால் பல்ப் மினுக்கென்று அடங்கிவிடும்.

சுவிட்சைப் போட்டார். பல்ப் கல்யாண வீடு மாதிரி எரிந்தது.

"நல்லா எரியுதே," என்றாள் தெய்வானை.

"நல்லா எரிஞ்சா கெட்ட சேதி."

மூடியைக் கழற்றினார். உள்ளிருந்த சர்க்யூட் பலகைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு சுவிட்சைப் போட, பல்ப் எரிந்துகொண்டே இருந்தது. ஐந்தாவது பலகையைப் பிரித்ததும் சட்டென்று மங்கியது. அந்தப் பலகையில் மிளகு அளவில் மஞ்சள் கண்டன்சர்கள் பதினான்கு. எந்த மிளகு அழுகியது என்று பார்க்க ஒவ்வொன்றிலும் ஒரு கம்பிக்காலைச் சூடு காட்டித் தூக்கிவிட வேண்டியிருந்தது. கனிக்குக் கை மறந்திருந்தது. இரண்டு முறை விரலைச் சுட்டுக்கொண்டார். மூன்றாவது முறை சுட்டுக்கொண்டபோது, தெய்வானை கேட்காமலே சால்டரிங் அயர்னை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நீ எதுன்னு சொல்லு பாய். நான் எடுக்கறேன். லிஃப்ட் கன்ட்ரோலர்ல இதவிடப் பொடி வேலை பண்ணியிருக்கேன்."

பதினோராவது மிளகில் பல்ப் அடங்கியது. அலமாரியில் ரோஸ் அலை நெளிந்துகொண்டிருந்த பிணத்தைத் திறந்து, அதே மாதிரி ஒரு மிளகை எடுத்து இங்கே வைத்தார்கள். பல் டாக்டருக்கு வித்தியாசம் தெரியப் போவதில்லை. பிறகு பல்பைக் கழற்றாமலே ஒரு டம்ளர் டீ குடிக்கிற நேரம் விட்டார்கள். டியூபின் நடுவே ஒரு பச்சைப் புள்ளி வந்தது. புள்ளி நீண்டு கோடாயிற்று. முழுக் கரண்டில் கொடுத்து, கனி ஒரு பேட்டரியைத் தொடுவித்தார். கோடு ஒன்றரைக் கட்டம் மேலே ஏறி நின்றது.

"யாரையும் கேக்கல," என்றாள் தெய்வானை.

"கேக்கத் தெரியாது அதுக்கு. படிக்காத ஜென்மம்."

நாளைக்கு ஜெயித்துவிட்டதாகவே கனி நினைத்தார். கையில் நல்ல சரக்கு இருந்தால் விற்றுவிடலாம் என்று நினைப்பது வியாபாரிக்கு வரும் பழைய வியாதி.

* * *

முல்லை என்க்ளேவின் எட்டாவது மாடிக்கு மேலே லிஃப்டின் மெஷின் ரூம். வாரியத்தின் விசாரணை அலுவலர் திருவேங்கடநாதன் முப்பத்தொரு கட்டங்கள் கொண்ட படிவத்தோடு நின்றிருந்தார். ஒரு கட்டத்தையும் காலியாக விடாதவர், ஒரு கட்டத்திலும் பொய் எழுதாதவர் என்று பெயர். இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பது அந்த அலுவலகத்தில் கொஞ்சம் தொந்தரவாகவே கருதப்பட்டது. கம்பெனி சார்பில் ரெக்ஸ் செல்வகுமார் என்ற இளம் மேனேஜர். அவர் கையில் புத்தம் புதிய மீட்டர்.

சாட்சி சொல்ல வந்த ஏகாம்பரம் கீழே சக்கர நாற்காலியில் இருந்தார். மாடிப்படி ஏறக் கால் இல்லை. லிஃப்டில் ஏற மனம் இல்லை. ஆகவே ஐந்தாம் கட்டத்தில், 'சாட்சி: மேலே வரவில்லை' என்று எழுதப்பட்டது.

அறை இருட்டாக இருந்தது. சன்னல் இல்லை. விளக்கு ஆளிருந்தால் தானாக எரியும் வகை. ஆனால் பதிவேட்டின்படி அந்த அறையில் யாரும் இருக்கக் கூடாது என்பதால், நான்கு பேர் நிற்பதை அது ஒத்துக்கொள்ளவில்லை. ஸ்கோப் பார்க்க இருட்டு நல்லதுதான் என்று கனி அதை அப்படியே விட்டுவிட்டார். வழக்கப்படி முதலில் சீரீஸ் பல்ப் வழியாகக் கொடுத்துப் பார்த்து, பல்பைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு ஸ்கோப்பை நேராகக் கொடுத்தார். தெய்வானை பிரேக் சப்ளையில் கம்பியைத் தொடுவித்தாள்.

லிஃப்ட் நின்றிருந்தது. கோடு உயரத்தில் நின்றது. இருநூறு.

லிஃப்டை ஓட்டினார்கள். ஒன்று, இரண்டு... கோடு பொத்தென்று பாதிக்கும் கீழே விழுந்தது. எண்பது. லிஃப்ட் நின்றதும் மறுபடி மேலே.

"பாத்தீங்களா சார்!" என்றாள் தெய்வானை.

ரெக்ஸ் மீட்டரைத் தூக்கிக் காட்டினார். "சார், இருநூறு. ஆரம்பத்திலேர்ந்து கடைசிவரை இருநூறு. ஸ்டெடி."

திருவேங்கடநாதன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தில் வருத்தம் இருந்தது. சட்டம் தெரிந்தவர்களின் வருத்தம். அதனால் யாருக்கும் உபயோகமில்லை.

"இரண்டும் ஒத்துப்போகவில்லை."

"அதைக் காட்டத்தான் சார் வந்தோம்," என்றார் கனி.

"மிஸ்டர் கனி, பிரிவு நான்கு என்ன சொல்லுது? இணைந்த கருவியோடு ஒத்துப்போகாத கருவி, பழுதான கருவி. நீங்க பழுதான ஒண்ணைக் கொண்டுவந்திருக்கீங்க."

"பழுது பாத்ததே நேத்துதான் சார்!"

"அப்ப சரியாப் பார்க்கலை. கொல்லும் முன் சோதனைன்னு படிவம் குடுத்திருக்கீங்க. சோதனை முடிஞ்சுபோச்சு. குறடு வெச்சிருக்கீங்கதானே?"

கனி தெய்வானையைப் பார்க்கவில்லை. ஸ்கோப்பை அணைத்து, கூட்டைக் கழற்றி, குறடால் மொட்டைக் கிள்ளினார். ஸ்ஸ். ஆயிரக்கணக்கான தடவை கேட்ட சத்தம்தான். இந்த முறை முடிகிறவரை கேட்டார். பச்சை வில்லையை ஒட்டியபோது அது நேராக ஒட்டவில்லை.

பன்னிரண்டாம் கட்டத்தில் அலுவலர் எழுதினார்: 'அளந்த மின்னழுத்தம்: 200, நிலையானது.' மொபைல் டார்ச்சைத் தாடையால் பிடித்துக்கொண்டு பதினாறு வரை வந்தார். பதினேழில் பேனா நின்றது.

"'விசாரணை நடந்த இடத்தில் வெளிச்சம் போதுமானதாக இருந்ததா?'" என்று வாய்விட்டுப் படித்துவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். "இல்லையே."

"அத இருந்ததுன்னு போட்டுருங்க சார்," என்றார் ரெக்ஸ்.

"இல்லாததை எப்படிப் போடறது? 'இல்லை'ன்னு எழுதினா விசாரணை செல்லாது. வேற தேதிதான் குடுக்கணும். அடுத்த மாசம் இருபதுக்கு மேல பார்க்கலாம்."

"அடுத்த மாசமா? சார், எனக்கு இன்னிக்குச் சாயங்காலம் ரிப்போர்ட் மும்பைக்குப் போகணும்." ரெக்ஸ் கடிகாரத்தைப் பார்த்தார். "யாராவது ஒரு லைட்டைப் போடுங்கய்யா!"

அந்தக் கடிகாரப் பார்வையைக் கனி கவனித்தார். எதிராளி மணி பார்த்த பிறகு பேரம் யார் பக்கம் சாயும் என்பது அவருக்குப் பால்குடி வயதிலேயே தெரிந்த விஷயம். பைக்குள் கையை விட்டார்.

"எங்கிட்ட ஒரு குண்டு பல்ப் இருக்கு சார். எடுக்கலாங்களா?"

அலுவலர் புருவத்தைத் தூக்கினார். "அது கருவியா?"

"பல்பு சார். வெளிச்சம் தரும். வேற ஒண்ணும் தெரியாது அதுக்கு."

"அட, மாட்டுங்க சீக்கிரம்!" என்றார் ரெக்ஸ்.

கனி தெய்வானையிடம் பலகையைக் கொடுத்தார். "தங்கச்சி, பக்கத்துல எங்க கரண்டு கிடைக்குதோ அங்க மாட்டும்மா. சார் எழுதணும்."

தெய்வானை ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு, சற்று முன்பு ஸ்கோப்பின் கம்பியைத் தொடுவித்த அதே இரண்டு ஆணிகளில் பல்பின் ஒயர்களைத் திருகினாள். மஞ்சள் வெளிச்சம் அறையை நிறைத்தது. எலிப் புழுக்கைகூடத் தெரிந்தது.

"இப்ப சரி." பதினேழில் 'இருந்தது' என்று எழுதினார். அதன் கீழே 17-அ: வெளிச்சம் எங்கிருந்து பெறப்பட்டது? "எங்கேயிருந்தும்மா எடுத்தே?"

"பிரேக் சப்ளைலேர்ந்து சார்."

'பிரேக் சப்ளை' என்று எழுதினார். ரெக்ஸின் வாய் திறந்தது. மூடவில்லை.

"பதினெட்டு: சோதனை ஓட்டம். லிஃப்டை ஓட்டுங்க."

ஒன்று, இரண்டு... அறை மங்கியது. பல்புக்குள் இருந்த கம்பி அடுப்புத் தணல் போல் சிவந்து கிடந்தது. அலுவலரின் பேனா பாதி எழுத்தில் நின்றது.

"எழுத்துத் தெரியலையே. என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலையே சார்," என்றார் கனி. "இருநூறுதான். மீட்டரைப் பாருங்க."

மீட்டர் இருநூறு என்றது. லிஃப்ட் நின்றது. வெளிச்சம் வந்தது.

"பல்ப் பழசு சார், லூஸ் கனெக்‌ஷன்..." என்று ரெக்ஸ் ஆரம்பித்தார்.

"மறுபடி ஓட்டுங்க." இருட்டியது. "நிறுத்துங்க." விடிந்தது. "இன்னொரு தடவை."

மூன்றாவது தடவையும் இருட்டியது. மோட்டார் பக்கமிருந்து பிரேக் கட்டை தேயும் மெல்லிய ஓசை மட்டும் கேட்டது. லிஃப்ட் நின்றதும் திருவேங்கடநாதன் பதினேழாம் கட்டத்துக்குத் திரும்பிப் போனார். 'இருந்தது' என்பதை அடித்து, பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போட்டு, நிறுத்தி நிதானமாக எழுதினார்: 'லிஃப்ட் நின்றபோது இருந்தது. ஓடியபோது இல்லை. மூன்று முறையும்.'

"சார், இது மெஷர்மென்ட் இல்லையே! இத எப்படி ரிப்போர்ட்ல..."

"மின்னழுத்தத்தைப் பத்தி நான் ஒண்ணும் எழுதலையே மிஸ்டர் ரெக்ஸ். அது பன்னிரண்டுல இருக்கு, நீங்க சொன்ன மாதிரியே. நான் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதினேன். வெளிச்சத்தை நீங்கதானே போடச் சொன்னீங்க?"

* * *

பன்னிரண்டாம் கட்டத்தை மட்டும் வைத்து வாரியம் தெய்வானையைக் குற்றவாளி என்றது. அவளுடைய மேல்முறையீட்டைக் கேட்ட நீதிபதி, வீட்டில் பல்ப் மங்கினால் வோல்டேஜ் குறைந்துவிட்டது என்று சொல்லி வளர்ந்த கடைசித் தலைமுறை. பன்னிரண்டையும் பதினேழையும் 17-அ-வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு முறை படித்தார். கண்ணாடியைத் துடைத்து மூன்றாம் முறை படித்தார். தெய்வானைமேல் இருந்த வழக்கு தள்ளுபடியாயிற்று. சொர்க்கரதம் கம்பெனி யாரிடமும் எதற்காகவும் மன்னிப்புக் கேட்காமல், 'பிடிமானம் பிளஸ்' என்ற புதிய அப்டேட்டை வெளியிட்டது. ஏகாம்பரத்துக்கு ஒரு வாழ்த்து அட்டை வந்தது: 'உங்கள் பொறுமைக்கு நன்றி.' அவர் அதை இஸ்திரி போட்டு மடித்து வைத்திருக்கிறார்.

சேதி பரவியது. ஊரிலிருக்கும் லிஃப்ட் மெக்கானிக், மோட்டார் மெக்கானிக் எல்லாம் கனி கடை வாசலில் வந்து நின்று, "குண்டு பல்ப் இருக்கா?" என்றார்கள். தெய்வானை தன் பையில் எப்போதும் ஒன்றைத் துணியில் சுற்றி வைத்திருந்தாள். கனி பழைய கோடவுன்களைக் கிளறி நூறு நூறாக இறக்கினார். இரண்டே மாதத்தில் ஆறு கம்பெனிகள் அப்டேட்டுகளைச் சத்தமில்லாமல் திரும்பப் பெற்றன. மூன்றாம் மாதம் அரசிதழில் அறிவிப்பு வந்தது: கண்ணாடிக் குமிழுக்குள் கம்பி வைத்து, மின்சாரத்துக்கு ஏற்ப ஒளி மாறும் எந்தப் பொருளும் இனி அளவுக் கருவி. இணைக்க முடியாதது. ஆகவே முதல் தேதியிலிருந்து, அவை அனைத்தும் உயிரற்றவையாகப் பதிவேட்டில் ஏற்றப்பட்டுவிட்டன.

இரண்டாம் தேதி மழை. சந்தே இருட்டிக் கிடந்தது. சான்றளிக்கத் திருவேங்கடநாதன் நேரிலேயே வந்தார். கடைக்குள் தெய்வானையும் இருந்தாள். மேஜைக்கு மேலே, அத்தாவின் நூறு வாட் பல்ப் எரிந்துகொண்டிருந்தது.

"இது ஒண்ணுதான் பாக்கி சார்," என்றார் கனி. குறடு கையில் இருந்தது. "மத்ததெல்லாம் முடிச்சாச்சு. இதையும்..."

"இருங்க. முதல்ல அளக்கணும்." அலுவலர் பையிலிருந்து வாரியத்தின் மீட்டரை எடுத்துப் பல்பை நோக்கி நீட்டினார். மீட்டர் ஒரு வினாடி யோசித்தது. மேலே கேட்டது. மேலே சொன்னார்கள்.

'கம்பி அறுந்தது. உயிரற்றது.'

கனி மீட்டரைப் பார்த்தார். பல்பைப் பார்த்தார். தெய்வானை வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏற்கெனவே செத்ததைக் கொல்றது மோசடி," என்றார் திருவேங்கடநாதன், யாரையும் பார்க்காமல். "குறடை உள்ள வைங்க மிஸ்டர் கனி."

ஒரு பச்சை வில்லையை எடுத்துப் பல்பின் ஹோல்டரில் ஒட்டினார். சூட்டில் அதன் ஓரம் லேசாகச் சுருண்டது. பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, படிவத்தை விரித்து, ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டு வந்தார். பதினேழு வந்ததும் பேனாவை நிறுத்தி, தலையைத் தூக்கி ஒருமுறை மேலே பார்த்தார். கண் கூசியது.

'இருந்தது' என்று எழுதினார்.